கொடி நிறையக் காய்த்தால் மட்டும் போதுமா?

(வானொலி வேளாண் உரை)



கம்பம் பக்கத்திலிருந்து ஒரு திராட்சை விவசாயி எழுதிய கடிதம் என் கையில் இருக்கிறது. "ஐயா, பந்தல் போட்டேன், எரு வைத்தேன், கவாத்து பண்ணினேன், மருந்தும் அடித்தேன். குலை குலையாய்க் காய்ச்சிருக்கு. ஆனா மண்டிக்குக் கொண்டு போனா வண்டிக் கூலி, ஆள் கூலி போகக் கையிலே ஒண்ணும் மிஞ்சலே. திராட்சையையே நம்பி வாழுற வெளிநாட்டுக்காரங்க இதை எப்படிச் சமாளிக்கிறாங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல உங்களை ரொம்ப தூரம் அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். பிரான்ஸ் நாட்டின் தென்கோடியில், மத்தியதரைக் கடலை ஒட்டி, லாங்டாக் என்று ஒரு பகுதி இருக்கிறது. கிழக்கே ரோன் ஆறு, மேற்கே பிரனீஸ் மலை, தெற்கே கடல். இந்த மூன்றுக்கும் நடுவிலே நிலா வளைந்த மாதிரி கிடக்கிற நிலம். நீம், மோன்பெலியே, பெசியே, நார்போன், கார்க்கசோன் என்று ஊர்கள். எந்தச் சாலையில் போனாலும் இரண்டு பக்கமும் திராட்சைக் கொடிதான். நம்ம தஞ்சாவூருக்கு நெல் எப்படியோ, அப்படி லாங்டாக்குக்குத் திராட்சை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே விளைகிற திராட்சையில் பெரும்பகுதி ஒயினாகத்தான் போகிறது. குடியைப் பற்றிப் பேச நான் வரவில்லை. பருத்தி போடுகிறவன் ஆலை எப்படி ஓடுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது போல, ஒரு விவசாயி தன் விளைபொருளை எப்படி விற்றான், எங்கே ஏமாந்தான், எப்படி எழுந்தான் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வெயிலும் காற்றும்

லாங்டாக்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு 2,500 மணி நேரத்துக்கு மேல் சூரியன் காய்கிறது. மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். நம் தமிழ்நாட்டுச் சராசரியைவிடக் குறைவு. அந்த மழையும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் கொட்டும். கோடையில் வானம் வெறிச்சென்று கிடக்கும். காய் பழுக்கிற நேரத்தில் மழை இல்லை என்பதே அந்தப் பகுதிக்குக் கிடைத்த வரம். பழுக்கிற திராட்சை மீது மழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழம் வெடிக்கும், அழுகும்.

அடுத்தது காற்று. வடமேற்கிலிருந்து டிரமோன்டான் என்று ஒரு வறண்ட காற்று அடிக்கும். ரோன் ஆற்றுப் பக்கம் வீசுகிற வடக்குக் காற்றுக்கு மிஸ்ட்ரல் என்று பெயர். மரத்தையே வளைத்துவிடுகிற காற்று. ஆனால் இலையில் ஈரம் தங்க விடாது. ஈரம் தங்காத இலையில் பூசணம் சுலபமாய்ப் பிடிக்காது. கடலிலிருந்து வருகிற ஈரக் காற்று அடித்தால்தான் அந்த ஊர் விவசாயிக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

பந்தல் இல்லாத கொடி

நம்ம ஊரில் திராட்சை என்றால் கல்தூண், கம்பி, தலைக்கு மேலே பந்தல். அங்கே பழைய தோட்டங்களில் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், அதாவது அஞ்சடிக்கு அஞ்சடி இடைவெளியில் நடுவார்கள். ஏக்கருக்கு 1,800 கொடி வரை வரும். முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைத் தண்டு. அதிலிருந்து நாலைந்து கிளை, கைவிரலை விரித்து மேலே தூக்கினாற்போல. குளிர்காலத்தில் பார்த்தால் ஒரு கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்த கை மாதிரி இருக்கும். அதனால் அந்த முறைக்கே 'கிண்ணம்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செடி குட்டையாக இருப்பதால் காற்று அதை ஒடிக்க முடியாது. இலை குடை மாதிரி கவிந்து குலையை வெயிலிலிருந்து காக்கும். தண்ணீர் குறைவாகச் செலவாகும். இப்போது எந்திரத்தால் அறுவடை செய்ய வேண்டும் என்பதற்காகப் பல தோட்டங்களில் கம்பி கட்டி வரிசையாக ஏற்றிவிட்டார்கள். ஆனாலும் மேட்டு நிலங்களில் பழைய கிண்ணக் கொடிகள் இன்னும் நிற்கின்றன.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்தை முன்னே பின்னே மாற்றி ஆண்டு முழுக்கப் பழம் எடுக்கிறோம். அங்கே ஆண்டுக்கு ஒரே ஒரு மகசூல்தான். நவம்பரில் இலை உதிர்ந்து கொடி தூங்கிப் போகும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கவாத்து. ஒவ்வொரு கிளையிலும் ஒரு குச்சியை வைத்து, அதிலும் 2 கணுவை மட்டும் விட்டு மற்றதை வெட்டித் தள்ளுவார்கள். மார்ச் கடைசியில், ஏப்ரலில் மொட்டு வெடிக்கும். ஜூன் வாக்கில் பூக்கும். ஆகஸ்டில் நிறம் ஏறும். ஆகஸ்டு கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை அறுவடை. ஆண்டு முழுக்கப் பாடுபட்டு, ஒரே ஒரு தடவைதான் காசு பார்க்க முடியும். அந்த ஒரு தடவை விலை விழுந்தால் குடும்பமே விழும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

சாறு எப்படி ஒயினாகிறது?

பழத்தை மிதித்தோ எந்திரத்தில் நசுக்கியோ தொட்டியில் விடுகிறார்கள். தோசை மாவு எப்படித் தானாகப் புளித்துப் பொங்குகிறதோ, அதே மாதிரி நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று அதைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. திராட்சைச் சாற்றுக்குப் பெரும்பாலும் நிறமில்லை. நிறம் தோலில்தான். தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிட்டால் வெள்ளை ஒயின்.

ஆக, பழத்தில் எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவுதான் ஒயினுக்கு வலு. ஒரு கொடியில் 10 குலை விட்டால் சர்க்கரை செறிவாக இறங்கும். 40 குலை விட்டால் தண்ணீராகத்தான் இருக்கும். லாங்டாக்கின் முழுக் கதையும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

ரயில் வந்தது, ஆசையும் வந்தது

அந்த மண்ணில் திராட்சை புதிதல்ல. கடலோரத்தில் குடியேறிய கிரேக்கர்கள் கொடி வைத்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு 118 ஆண்டு முன்பு ரோமானியர்கள் நார்போன் நகரத்தை நிறுவிக் கொடியைப் பரப்பினார்கள். கி.பி. 92-இல் டொமிஷியன் என்ற ரோமானியப் பேரரசர், வெளிமாகாணங்களில் பாதிக் கொடியைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். மிகை விளைச்சல் என்ற தலைவலி அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள்!

பிறகு பல நூற்றாண்டுகள் மேட்டு நிலத்தில் கொடி, சமவெளியில் கோதுமை என்று காலம் ஓடியது. பெசியே ஊரில் பிறந்த ரிக்கே என்பவர் 1666-இல் தொடங்கிய கால்வாய் 1681-இல் முடிந்தது. துலூஸ் நகரத்திலிருந்து கடலோரம் வரை 240 கிலோமீட்டர். படகில் சரக்குப் போக வழி பிறந்தது. 1850-களில் ரயில் வந்தது. அப்போதுதான் எல்லாம் தலைகீழாயிற்று.

வடக்கே பாரிஸிலும் மற்ற தொழில் நகரங்களிலும் ஆலைத் தொழிலாளிகள் பெருகிக்கொண்டிருந்தார்கள். மலிவான ஒயின் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கினார்கள். விவசாயி என்ன செய்தார்? கோதுமையை விட்டார். கொழுத்த வண்டல் சமவெளியில் கொடியை நட்டார். அதிலும் அரமோன் என்ற ரகம். அது காய்க்கும் பாருங்கள், அப்படிக் காய்க்கும். ஏக்கருக்கு 6,000, 8,000 லிட்டர் ஒயின் வரும். மேட்டு நிலத்துக் கொடியில் 2,000 லிட்டர் வந்தாலே பெரிது. ஆனால் அரமோன் ஒயின் வெளிறியிருக்கும், வலுவும் இராது. நிறத்துக்கும் வலுவுக்கும் வேறு ஒயினைக் கலந்தால்தான் விலை போகும். இருந்தாலும் யார் கவலைப்பட்டார்கள்? பணம் கொட்டியது. பெசியே நகரத்தில் மாளிகைகள் எழுந்தன.

வேரைக் கொன்ற பூச்சி

பணம் வந்த வழியிலேயே நோயும் வந்தது. முதலில் 1850-களில் சாம்பல் நோய். கந்தகத் தூளைத் தூவினால் அது அடங்கும் என்பதை மோன்பெலியே பக்கத்து ஆன்ரி மாரேஸ் என்பவர் சோதித்து, எப்போது எவ்வளவு தூவுவது என்று வகுத்துக் கொடுத்தார். இன்றைக்கு நம் தோட்டத்தில் தூவுகிற அதே கந்தகம்தான்.

அடுத்து வந்தது பேரிடி. 1863 வாக்கில் ரோன் ஆற்றங்கரைத் தோட்டங்களில் காரணம் தெரியாமல் கொடிகள் வாடின. ஒரு கொடி, பிறகு சுற்றிலும் பத்து, பிறகு தோட்டம் முழுவதும். எண்ணெய்த் துளி காகிதத்தில் பரவுகிற மாதிரி பரவியது. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும், பூச்சி ஒன்றும் தென்படாது. 1868 ஜூலையில் மோன்பெலியேயைச் சேர்ந்த பிளான்ஷோன் என்ற தாவர அறிஞரும் அவரோடு போன இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். செத்த கொடியை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கிற கொடியைத் தோண்டினார்கள். வேர் முழுக்க மஞ்சள் நிறத்தில் பொடிப் பொடியாய்ப் பூச்சி! அசுவினி இனத்துக்கு உறவு. பெயர் பில்லாக்செரா. கொடி செத்ததும் அடுத்த கொடிக்குப் போய்விடும். அதனால்தான் அத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு சேர்ந்து வந்த பூச்சி அது.

பிரெஞ்சு அரசாங்கம் 3 லட்சம் பிராங்கு பரிசு அறிவித்தது. பரிசை யாரும் வாங்கவில்லை. மண்ணுக்குள்ளே விஷ மருந்தை ஊசி மாதிரி குத்தி ஏற்றிப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் 40 நாள் வயலில் தண்ணீர் கட்டிப் பூச்சியை மூச்சடைக்க வைத்தார்கள். தண்ணீர் வசதி உள்ளவர் செய்ய முடிந்தது, மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார். கடலோர மணலில் பூச்சி நகர முடியாது என்று கண்டு, ஒன்றுக்கும் உதவாது என்றிருந்த மணல்மேட்டைக்கூட விலை கொடுத்து வாங்கிக் கொடி நட்டவர்கள் உண்டு.

கடைசியில் பூச்சி வந்த இடத்திலேயே மருந்தும் கிடைத்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரை இந்தப் பூச்சியால் சாகடிக்க முடியவில்லை. அந்த வேரின் மேல் பிரெஞ்சு ரகத்தை ஒட்டுக் கட்டினார்கள். வேர் அமெரிக்கா, பழம் பிரான்ஸ். 1872-இல் மோன்பெலியேயில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி எந்த மண்ணுக்கு எந்த வேர் என்று பிரித்துச் சொன்னது. கிராமம் கிராமமாக ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டார்கள். இன்று உலகத்துத் திராட்சையில் பெரும்பகுதி ஒட்டுக் கொடிதான். நம்ம நாட்டில் உவர் மண்ணுக்கும் வறட்சிக்கும் தாங்கும் என்று டாக்ரிட்ஜ் வேரில் ஒட்டுக் கட்டுகிறோமே, அதுவும் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பக்கத்துக் காட்டுத் திராட்சை வழி வந்ததுதான்.

இன்னொரு பழக்கமான பெயரையும் சொல்லிவிடுகிறேன். போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறோமே, அது பிரான்ஸின் மேற்குப் பக்கம் போர்டோ பகுதியில் பிறந்தது. பாதையோரத்துக் கொடியில் வருவோர் போவோர் பழம் பறிக்காமல் இருக்க, நீலமாய் அசிங்கமாய்த் தெரியட்டும் என்று இந்தக் கலவையைத் தெளித்திருந்தார்கள். தெளித்த கொடியில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லை என்று மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். சோதித்து 1885-இல் உலகுக்குச் சொன்னார். அந்தக் கலவையால் லாங்டாக் தோட்டங்களும் பிழைத்தன.

விலை விழுந்தது, ஊர் எழுந்தது

ஒட்டுக் கொடி நட்டார்கள் என்றேன். எங்கே நட்டார்கள்? மறுபடியும் கொழுத்த சமவெளியில், மறுபடியும் அரமோன். அதற்குள் ஒரு வினையும் சேர்ந்திருந்தது. கொடி செத்துக் கிடந்த காலத்தில் நாட்டுக்கு ஒயின் வேண்டியிருந்தது. அல்ஜீரியாவில் பெரிய பெரிய தோட்டங்கள் போட்டு அங்கிருந்து இறக்கினார்கள். சில வியாபாரிகள் பிழிந்த சக்கையில் சர்க்கரையும் தண்ணீரும் ஊற்றி மறுபடி புளிக்க வைத்து, அதையும் ஒயின் என்றே விற்றார்கள். உலர்திராட்சையை ஊறவைத்தும் செய்தார்கள். லாங்டாக் தோட்டம் மறுபடி காய்க்க ஆரம்பித்தபோது இதெல்லாம் நிற்கவில்லை. 1900-க்குப் பிறகு விலை மளமளவென்று சரிந்தது. பாடுபட்ட கூலிக்குக்கூடக் கட்டவில்லை. தொட்டி நிறைய ஒயின், வீட்டில் ரொட்டி இல்லை.

1907 மார்ச் 11-ஆம் தேதி ஆர்ஜெலியே என்ற சின்னக் கிராமத்திலிருந்து 87 பேர் நார்போன் நகரத்துக்குப் புறப்பட்டார்கள். அங்கே வந்திருந்த பாராளுமன்றக் குழுவிடம் முறையிட. முன்னால் போனவர் மார்செலன் ஆல்பேர். ஒரு சிறு விவசாயி, ஊரில் ஒரு காபிக் கடையும் நடத்தியவர். அந்த 87 பேர் பிறகு பல லட்சம் ஆனார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நகரத்தில் கூட்டம். நார்போன், பெசியே, பெர்ப்பினியான், கார்க்கசோன், நீம். ஜூன் 9-ஆம் தேதி மோன்பெலியேயில் கூடியவர்கள் 5 லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். முதலாளி, கூலியாள், கட்சிக்காரன், கோயில்காரன் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். "இயற்கை ஒயின் வாழ்க, கலப்படம் ஒழிக" என்பதே கோரிக்கை. நூற்றுக்கணக்கான ஊர்த் தலைவர்கள் பதவி விலகினார்கள். வரி கட்ட மாட்டோம் என்றார்கள்.

அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பியது. ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் துப்பாக்கி வெடித்தது, 6 பேர் செத்தார்கள். பெசியே பகுதி இளைஞர்கள் நிறைந்த 17-ஆவது காலாட்படைப் பிரிவில் சுமார் 500 பேர், 'எங்கள் அப்பன் மேலே சுட மாட்டோம்' என்று கலகம் செய்து பெசியேக்குத் திரும்பி நடந்தார்கள். அவர்களைப் பின்னால் துனீசியாவின் காப்சா என்ற இடத்துக்கு அனுப்பினார்கள்.

ஆல்பேர் பாரிஸ் போய்ப் பிரதமர் கிளமான்சோவைப் பார்த்தார். திரும்பிப் போக ரயில் செலவுக்கென்று பிரதமர் 100 பிராங்கு கொடுத்தார். சூதறியாத மனுஷன் வாங்கிக்கொண்டார். பிரதமர் அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அவ்வளவுதான், 'காசு வாங்கிவிட்டான்' என்று சொந்த ஜனமே அவரை ஒதுக்கிவிட்டது. லட்சம் பேரைத் திரட்டிய மனிதரின் பெயர் ஒரு 100 பிராங்கில் போயிற்று.

ஆனால் போராட்டம் வீண் போகவில்லை. ஜூன் 29-ஆம் தேதி சட்டம் வந்தது. ஒவ்வொரு விவசாயியும் எத்தனை ஏக்கர், எவ்வளவு விளைந்தது, எவ்வளவு கையிருப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விளைந்ததற்கு மேல் விற்றால் பிடிபடுவான். சர்க்கரைக்குக் கூடுதல் வரி. புதுத் திராட்சையையோ அதன் சாற்றையோ புளிக்க வைத்தது மட்டும்தான் ஒயின் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் ஆணை பிறந்தது.

இங்கே ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விலை விழுந்ததற்குக் கலப்படம் ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் விவசாயியின் கையிலேயே இருந்தது. அது மிகை விளைச்சல். சட்டம் கலப்படத்தை அடக்கியது, ஆசையை அடக்கவில்லை. அதனால் 1930-களில் மறுபடி விலை விழுந்தது. 1931-இல் அரசாங்கம் புதுக் கொடி நடுவதற்குக் கட்டுப்பாடு போட்டது, அளவுக்கு மீறின மகசூலுக்கு வரியும் போட்டது.

ஒரு ஊர், ஒரே தொட்டி

சின்ன விவசாயிக்கு இன்னொரு கஷ்டம் இருந்தது. சொந்தத் தொட்டி கிடையாது. பழத்தை ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாது. வியாபாரி சொன்னதுதான் விலை. நம்ம நிலைமைதான்.

பெசியேக்குப் பக்கத்தில் மரோசான் என்ற ஊரில் 1901-இல் சிறு விவசாயிகள் சங்கம் சேர்ந்தார்கள். தங்கள் ஒயினைத் தரகன் இல்லாமல் நேரே பாரிஸ் தொழிலாளர் கூட்டுறவுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். 1905-இல் சொந்தக் கிடங்கு கட்டினார்கள். 'ஒருவருக்காக எல்லாரும், எல்லாருக்காக ஒருவர்' என்று அதன் முகப்பில் எழுதி வைத்தார்கள். பிறகு ஊருக்கு ஊர் கூட்டுறவுக் கிடங்கு எழுந்தது. இன்றும் லாங்டாக் கிராமங்களில் பெரிய கட்டடம் என்றால் ஒன்று கோயில், இன்னொன்று கூட்டுறவுக் கிடங்கு.

அங்கே பழத்தை எடை போட்டதும் காசு எண்ணிக் கொடுத்துவிட மாட்டார்கள். சர்க்கரை எவ்வளவு என்று கருவியில் பார்த்து, எடையையும் சர்க்கரையையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். நம்ம பால் சங்கத்தில் கொழுப்புச் சத்துப் பார்க்கிற மாதிரி. கிடங்கு கையில் இருந்ததால் விலை வரும்வரை காத்திருக்கவும் முடிந்தது. ஆனால் சர்க்கரை மட்டும் ருசியாகிவிடாது. அதனால் பின்னாளில் ரகம், நிலம், பழத்தின் நலம் எல்லாம் பார்த்துப் பிரித்து விலை கொடுக்கிற கிடங்குகள் முன்னுக்கு வந்தன.

பெயருக்குக் காவல்

1960-களுக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களே ஒயின் குடிப்பதைக் குறைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஆள் ஒருவருக்கு ஆண்டில் 100 லிட்டருக்கு மேல் இருந்தது இன்றைக்கு 40 லிட்டரை ஒட்டி வந்துவிட்டது. மலிவு ஒயினுக்குத்தான் முதல் அடி. இத்தாலி ஒயினும் வந்து இறங்கியது. 1976 மார்ச் 4-ஆம் தேதி நார்போன் பக்கத்தில் விவசாயிகளுக்கும் காவல்படைக்கும் மோதல் முற்றி, ஒரு விவசாயியும் ஒரு காவல் அதிகாரியும் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், பழைய பாதையில் இனி போக முடியாது என்பது பலருக்கும் உறைத்தது.

சமவெளிக் கொடியைப் பிடுங்குகிறவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. 1970-களுக்கு முன் இருந்த கொடிப்பரப்பில் இன்று ஏறத்தாழப் பாதிதான் இருக்கிறது. மிச்சம் இருந்தவர்கள் தாத்தா விட்டுவிட்டு இறங்கிய மேட்டு நிலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சரளை, சுண்ணாம்புப் பாறை, அடுக்குப் பாறை. வேர் ஆழமாய் இறங்கினால்தான் தண்ணீர். காய் குறைவு, பழம் சின்னது, சாறு செறிவு. கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர், பழைய கரினியான் ரகங்கள் அங்கே நன்றாக வந்தன.

பிரான்ஸில் 1935-லிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு ஊர்ப் பெயரை ஒயின் மேல் போட வேண்டுமானால், நிலத்தின் எல்லை, போட வேண்டிய ரகம், கவாத்து முறை, அதிகபட்ச மகசூல் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட வேண்டும். பெரும்பாலும் ஏக்கருக்கு 2,000 லிட்டரைச் சுற்றித்தான் அனுமதி. கூட விளைந்தால் அந்தப் பெயர் போட முடியாது. லாங்டாக்கில் பிரோன்தினியான் ஊர் மஸ்காட் 1936-இலேயே அந்தப் பெயரைப் பெற்றது. சிவப்பு ஒயினில் பிதூ என்ற ஊர் 1948-இல் முதலில் பெற்றது. போஜேர், சான்-சினியான் 1982-இல். கோர்பியேர், மினெர்வுவா 1985-இல். வாங்குகிறவன் ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்க ஆரம்பித்தான்.

1970-களின் தொடக்கத்தில் அனியான் என்ற கிராமத்தில் கிபேர் என்பவர் ஒரு பண்ணை வாங்கினார். என்ன பயிர் வைப்பது என்று தெரியவில்லை. போர்டோவிலிருந்து வந்த ஆன்ஜால்பேர் என்ற புவியியல் பேராசிரியர் மண்ணைப் பார்த்து, முதல்தரத் திராட்சைக்கு ஏற்ற மண் இது என்றார். 1978-இல் வந்த முதல் ஒயின், பிறகு போர்டோ ஒயின்களோடு சேர்த்துப் பேசப்பட்டது. அதே லாங்டாக், அதே வெயில். மண்ணைப் பார்த்துக் கொடி வைத்தது ஒன்றுதான் வித்தியாசம்.

இன்றைய கவலை

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். 2019 ஜூன் 28-இல் மோன்பெலியே பக்கம் வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி வெயில் அடித்தது. பிரான்ஸில் பதிவான உச்ச வெயில் அதுதான். கொடியில் இருந்த காயும் இலையும் நெருப்பில் வாட்டின மாதிரி கருகின. 2021 ஏப்ரலில் தலைகீழாக உறைபனி விழுந்து துளிர் பொசுங்கியது. வறட்சிக்குப் பயந்து சொட்டுநீர் போடுகிறார்கள், ரோன் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் மேற்கே கொண்டுபோகிறார்கள். பகல் வெயிலில் பழம் சூடேறக் கூடாதென்று நள்ளிரவில் விளக்குப் போட்டு எந்திர அறுவடை நடக்கிறது.

விற்பனை இன்னும் குறைந்ததால் 2024-இல் மறுபடி கொடி பிடுங்க ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று அறிவித்தார்கள். லாங்டாக்கிலிருந்து நிறையப் பேர் கை தூக்கினார்கள். பிடுங்கின நிலம் சும்மா கிடந்தால் முள்ளும் புல்லும் மண்டும். 2025 ஆகஸ்டில் கோர்பியேர் மலைப்பகுதியில் பெருந்தீ பிடித்துச் சுமார் 16,000 ஹெக்டேர், நம்ம கணக்கில் 40,000 ஏக்கர், எரிந்தது. பச்சைக் கொடித் தோட்டம் இருந்த இடத்தில் தீ தயங்கியது. தரிசாய்க் கிடந்த இடத்தில் பாய்ந்தது. ஒரு தோட்டம் தன் சொந்தக்காரனுக்குச் சோறு போடுவதோடு ஊருக்கும் வேலியாய் நிற்கிறது என்பது அன்றைக்குப் புரிந்தது.

நம்ம கணக்கு

சரி, கம்பத்து நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரன் சமாளித்துவிட்டானா என்றால், முழுசாக இல்லை. ஆனால் பட்டுத் தெரிந்துகொண்டது மூன்று.

ஒன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பழத்தை அதிகமாய்க் கொண்டுவந்தால், எத்தனை நல்ல வெயில் இருந்தும் பயனில்லை. கொடி தாங்குகிற அளவுக்குக் குலை விடுங்கள். எடை கொஞ்சம் குறைந்தாலும் ருசியும் நிறமும் விலையைத் தூக்கும். அறுவடை ஒரே வாரத்தில் குவியாதபடி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் பேசிக் கவாத்துத் தேதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு மகசூல்காரனுக்கு இல்லாத வசதி இது, உங்களுக்கு இருக்கிறது.

இரண்டு, வைத்து விற்க இடம் இல்லாதவனுக்கு விலை பேச வாய் இல்லை. தனி ஆள் கட்ட முடியாத குளிர்பதனக் கிடங்கைப் பத்துப் பேர் சேர்ந்தால் கட்டலாம்.

மூன்று, பெயர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பன்னீர் என்று நாம் சொல்கிற ரகம் மஸ்காட் ஹாம்பர்க். பிரோன்தினியான் மஸ்காட்டுக்கு அது சொந்தக்காரப் பிள்ளை. அந்த ஊர்க்காரன் தன் பழத்தின் பெயரைச் சட்டம் போட்டுக் காக்கிறான். நமக்கும் அந்தக் காகிதம் வந்துவிட்டது. ஆனால் காகிதம் காப்பாற்றாது. மேலே நல்ல குலையும் அடியிலே புளிப்புக் காயுமாகப் பெட்டி போட்டால், கெடுவது ஒருத்தர் பெயரல்ல, பள்ளத்தாக்கின் பெயர். 100 பிராங்கில் ஆல்பேர் பெயர் போன கதையை மறந்துவிடாதீர்கள்.

கொடி காய்ப்பது மண்ணும் வெயிலும் தருவது. அதற்கு விலை கிடைப்பது நம் ஒற்றுமையும் நாணயமும் தருவது. அடுத்த கவாத்துக்குக் கத்தியைத் தீட்டும்போது, பக்கத்துத் தோட்டக்காரரையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசுங்கள்.